மறுபடி வாங்க முடியாத துணி

நன்கொடையாக வந்த பொருள்களை விற்று, வரும் தொகையை அறப்பணிகளுக்குச் செலவிடும் தொண்டுக் கடைகளில் துணி தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆடைகள் தொங்கும் வரிசையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த நல்ல அச்சுத் துணிகளில் மிகச் சிலவே அந்த வரிசையில் இருந்தன. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை ஆகியவற்றை மடித்து அடுக்கும் அலமாரியின் கீழ்த்தட்டிலும், பொத்தான் புட்டிகளும் பின்னல் நூற்கண்டுகளும் கிடக்கும் மூலையிலும்தான் மற்றவை அகப்பட்டன. காரணம் எளிது. வந்த மூட்டையைப் பிரித்து வகைப்படுத்துகிறவர் சட்டையைப் பார்த்தால் விலைச்சீட்டு எழுதித் தொங்கவிட்டுவிடுவார். வெட்டாமலும் தைக்காமலும் நான்காக மடித்துக் கிடக்கும் மூன்று மீட்டர் துணியை எந்த வகையில் சேர்ப்பது? விரிப்பாக இருக்கலாம் என்று விரிப்புகளோடு வைத்துவிடுவார். தையலில் ஈடுபாடுள்ள ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த துணிகள், அவர் வீடு மாறும்போதோ அவருடைய காலத்துக்குப் பிறகோ, மொத்தமாக ஒரே மூட்டையில் வந்து சேர்வதும் உண்டு. அதனால் நல்ல துண்டு ஒன்று கண்ணில் பட்டால் அந்த அடுக்கை அடிவரை பார்த்துவிடுவது என் வழக்கம்.

இப்படிக் கிடைக்கும் துணிக்கும் துணிக்கடையில் அளந்து வெட்டி வாங்கும் துணிக்கும் உள்ள பெரிய வேறுபாடு விலையில் இல்லை. கடைத் துணி போதாமல் போனால் இன்னும் அரை மீட்டர் வாங்கி வரலாம்; தொண்டுக் கடையில் எடுத்த துணியில் கைக்கு வந்ததுதான் மொத்தமும். இன்னொரு மீட்டர் எங்கும் இல்லை என்ற இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டால், எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே கத்தரிக்கோல் வைப்பது என்பவை பாதி தாமாகவே தீர்ந்துவிடுகின்றன. நான் கற்றுக்கொண்டவற்றைப் பெரும்பாலும் ஒரே துணியை வைத்துச் சொல்கிறேன். அந்தத் துணியில் எல்லாச் சிக்கலும் ஒருசேர இருந்தன.

அது திரைச்சீலையாகத் தைக்கப்பட்ட கனமான பருத்தித் துணி. கருநீலத் தளத்தில், முழங்கை நீளத்துக்கு வளைந்து செல்லும் கடுகுநிற இலைகள். ஒவ்வோர் இலையின் நரம்புகளுக்கு இடையிலும் மீன்செதில் வடிவில் அடுக்கடுக்கான கோடுகள். சில செதில்களில் மட்டும் செங்கல் நிறப் புள்ளி. எந்தச் செதிலில் புள்ளி வரும் என்பதற்கு ஒரு முறை இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் பிடிபடாது. இத்தகைய வடிவத்தைப் பார்த்ததும் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விடவே தோன்றும். நான் முதலில் துணியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டு அதன் ஓரத்தைப் பார்ப்பேன்.

தறியில் குறுக்கே ஓடும் ஊடு நூல் திரும்பும் இரு பக்க விளிம்பைத்தான் கரை என்கிறோம். ஆலையில் அச்சிட்ட துணியானால் அந்தக் கரையில் சிறு வட்டங்களோ கட்டங்களோ வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும். அச்சிடும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டமோ உருளையோ தேவை. எல்லா நிறங்களும் தத்தம் இடத்தில் சரியாக விழுகின்றனவா என்று அச்சிடுகிறவர் பார்த்துக்கொள்வதற்கான அடையாளங்கள் அவை. அவற்றை எண்ணினால் எத்தனை நிறம் கொண்டு அச்சிட்டார்கள் என்பது தெரிந்துவிடும். அதே கரையில் ஆலையின் பெயர், வடிவத்தின் பெயர், வடிவமைத்தவரின் பெயர், சில சமயம் ஓர் ஆண்டு ஆகியவையும் இருக்கலாம். திரைச்சீலைகளில் கரை பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் என்பதால், லைனிங் சற்றே பிரிந்திருக்கும் மூலையைத் தேடி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். நீலத் துணியின் மடிப்புக்குள் ஏழு நிற வட்டங்கள் இருந்தன. எழுத்து இருந்த பகுதியை மட்டும் யாரோ எப்போதோ வெட்டியிருந்தார்கள்.

கரையில் ஆண்டு அச்சிட்டிருந்தாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது வடிவம் உருவான ஆண்டு; துணி அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பின்லாந்தின் மாரிமெக்கோ நிறுவனத்துக்காக மைஜா இசோலா வரைந்த ‘உனிக்கோ’ என்ற பெரிய பூ வடிவம் 1964ஆம் ஆண்டுக்குரியது. இன்றுவரை அது அச்சாகிக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தின் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிசின் ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ என்ற வடிவம் 1883இல் வந்தது. அன்று அதை அவுரிச் சாயத்தில் தோய்த்த துணியில் வேண்டிய இடங்களில் சாயத்தை நீக்கி, அச்சுக்கட்டைகளால் மற்ற நிறங்களை ஏற்றி உருவாக்கினார்கள். இன்று கடைகளில் கிடைப்பது இயந்திர அச்சு. வடிவம் பழையது என்பதால் துணியும் பழையதாகிவிடாது. தைப்பவருக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை, புதிய துணி இன்னும் உறுதியாகவே இருக்கும். பழமைக்காகக் கூடுதல் விலை கேட்கப்பட்டால் மட்டும் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரையில் எழுத்து இல்லாதபோது துணியின் பின்புறமும் வடிவம் திரும்பி வரும் இடைவெளியும் நிறையச் சொல்லும். பின்புறம் வெளிறியிருந்தால் மேற்பரப்பில் அச்சிட்டது. வடிவம் நிறம் மாறி, தலைகீழாக, நீண்ட மிதவை நூல்களோடு தெரிந்தால், வடிவத்தை நெசவிலேயே அமைக்கும் ஜக்கார்டு தறியில் நெய்தது. இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருந்து, வடிவத்தின் ஓரங்கள் மட்டும் இறகு பிரிந்ததுபோல் மங்கினால் நூலிலேயே சாயமேற்றி நெய்த இக்கத் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டை அச்சில் கட்டையும் கட்டையும் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழை விலகலோ மேற்படிதலோ இருக்கும். சிலர் அதைக் குறை என்று எண்ணித் துணியைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். எனக்கோ எடுத்துப் பார்க்கத் தூண்டுவதே அதுதான்.

இடைவெளியை அளப்பதற்கு அளவு நாடா ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஓர் இலையின் நுனியில் தொடங்கி, அதே இலை அதே சாய்வில் மீண்டும் வரும் இடம்வரை கரைக்கு இணையாக அளந்தேன், 64 செ.மீ. வந்தது. 1783இல் தாமஸ் பெல் காப்புரிமை பெற்ற செதுக்குச் செம்பு உருளை அச்சில் உருளையின் சுற்றளவுதான் வடிவத்தின் எல்லை. உருளை சிறியது என்பதால் அந்த முறையில் இத்தனை பெரிய இலை அமைவது கடினம். நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய, நுண்துளை உருளை வழியே சாயத்தை அழுத்தும் சுழல் ஸ்கிரீன் அச்சில் உருளையின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ.; அதனால் அந்த முறையில் அச்சிடும் வடிவங்கள் 64, 32, 16 போன்ற அளவுகளில் திரும்பி வரும். தட்டை ஸ்கிரீனிலும் 64 செ.மீ. அமைக்க முடியும் என்பதால் இது அறுதியான சான்று ஆகாது. ஆயினும் ஏழு நிறம், 64 செ.மீ. இடைவெளி, 120 செ.மீ. அகலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டு அலங்காரத்துக்கென ஆலையில் அச்சிட்ட, 1960களுக்குப் பிந்திய துணி என்று கொள்வது பொருத்தமாகப் பட்டது. சீட்டில் ‘மிகப் பழமையானது’ என்று எழுதியிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

இழையும் காலம் சொல்லும். பாலியெஸ்டர் இழையை இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941இல்தான் உருவாக்கினார்கள். ஆகவே நூறாண்டு கடந்தது என்று காட்டப்படும் துணி கையில் கசக்கியதும் மடிப்பு விழாமல் துள்ளி எழுந்தால், சொன்னவரின் ஆர்வத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

கசக்கிப் பார்ப்பது கடையிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை. துணியின் ஒரு மூலையைச் சிறிது நேரம் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் பருத்தியும் லினனும் ரேயானும் மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். இவற்றில் ரேயானைப் பிரித்தறிய, வீட்டுக்கு வந்தபின் ஒரு நூலை உருவி நனைத்து இழுத்துப் பார்க்கிறேன். பருத்தி நனைந்தால் வலுக்கூடும்; ரேயான் நனைந்தால் வலுவிழந்து சட்டென்று அறும். இது வெறும் ஆய்வு ஆர்வம் அன்று. ரேயான் துணியை ஈரத்தோடு முறுக்கிப் பிழியக் கூடாது, தொங்கவிட்டு உலர்த்தினால் நீண்டுவிடும் என்பதால், தைத்தபின் அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அந்த ஒரு நூல் முடிவுசெய்கிறது. தீயில் காட்டும் சோதனையைக் கடையில் செய்ய முடியாது. வீட்டில், சன்னலைத் திறந்துவைத்து, உலோகத் தட்டின்மேல், பக்கத்தில் தண்ணீரோடு, இரண்டு மூன்று நூல்களை மட்டும் இடுக்கியில் பிடித்துச் செய்யலாம். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்தோடு நொறுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக இறுகும்.

பழைய திரைச்சீலைகளில் ஒரு வகையை நான் தொட்ட மாத்திரத்தில் வைத்துவிடுவேன். 1950களிலும் 1960களிலும் கண்ணாடி இழையால் நெய்த திரைச்சீலைகள் நன்றாக விற்றன. தீப்பிடிக்காது, சுருங்காது என்பது அவற்றின் பெருமை. அந்தக் காலத்துக்குரிய துணிச்சலான வடிவங்கள் அவற்றில் அச்சாகியிருப்பதால் கண்ணை இழுக்கும். வழுவழுப்பும் சற்று மிகையான பளபளப்பும் எதிர்பாராத கனமும் ஒருங்கே இருந்தால் ஐயப்பட வேண்டும். வெட்டினால் நுண்ணிய கண்ணாடி இழைகள் பறந்து தோலிலும் கண்ணிலும் அரிப்பை உண்டாக்கும். சலவை இயந்திரத்தில் இட்டால் அந்த இழைகள் பின்னர் துவைக்கும் உடைகளிலும் ஏறிக்கொள்ளும். எத்தனை அரிய வடிவமானாலும் உடுத்தவோ தலையணை உறை தைக்கவோ அது உதவாது.

அடுத்தது வெளிச்சம். திரைச்சீலை ஆண்டுக்கணக்கில் வெயிலை வாங்கியது. சாயம் வெளுத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இழை இற்றிருப்பது தெரியாது. துணியைச் சன்னலுக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகள் உள்ளனவா என்று பார்த்தபின், சன்னலோரம் தொங்கியிருக்கக்கூடிய பக்கத்தை இரு கைகளாலும் பிடித்து, நீளவாக்கில் ஓடும் பாவு வழியே ஒரு முறையும் ஊடு வழியே ஒரு முறையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல துணி கையை எதிர்க்கும். இற்ற துணி மெல்லிய முறுமுறுப்போடு விட்டுக்கொடுக்கும். இற்ற துணியைத் தைத்துக் காப்பாற்ற வழியே இல்லை, தையல் ஊசி போட்ட துளை வரிசையிலேயே அது கிழியும். நீலத் துணியில் ஒரு பக்க ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு இப்படி நலிந்திருந்தது. அந்த ஒரு சாணைக் கழித்துவிட்டு மீதி எனக்குப் போதுமா என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்.

போதாது என்று தோன்றியதால்தான் ஒரு கேள்வியைக் கேட்டேன். திரைச்சீலைகள் பெரும்பாலும் இணையாகவே தொங்கும். ஒன்று இங்கே இருக்கிறது என்றால் மற்றொன்று எங்கே? கடையில் இருந்த தன்னார்வலர் உள்ளே சென்று, இன்னும் பிரிக்காத பை ஒன்றிலிருந்து அதன் இணையை எடுத்துவந்தார். இன்னொரு மீட்டர் கிடையாது என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. இதற்குப் பிறகு, திரைச்சீலையானாலும் தலையணை உறையானாலும் ‘இதோடு வந்தது வேறு ஏதேனும் இருக்கிறதா’ என்று கேட்காமல் நான் திரும்புவதில்லை. கேட்பதற்கு முன் பிரித்துப் பார்த்த துணிகளை எல்லாம் இருந்தபடி மடித்து வைத்துவிடுவதும் நல்லது. ஊதியமின்றி உழைப்பவரின் பொறுமையைச் சோதித்துவிட்டு உதவி கேட்பது முறையன்று.

எல்லாத் துணியும் வெட்டுவதற்கு உரியதல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை விரிப்புகளுக்கு நடுவே பழுப்பும் கருநீலமுமான ஒரு நீள்துண்டு கிடைத்தது. விரித்துப் பார்த்தால், துணி முழுவதும் ஒரே வடிவம் பரவியிருக்கவில்லை. ஓர் இடத்தில் எதிரெதிராக நிற்கும் முக்கோண வரிசைகள் கொண்ட பட்டையும், மீதிப் பரப்பில் வேறொரு வடிவமுமாக இருந்தது. வேண்டாத இடங்களை மெழுகால் மறைத்துச் சாயமிடும் பத்திக் முறையில், இடுப்பில் சுற்றிக்கட்டுவதற்காகச் செய்யும் ஜாவாவின் சரோங்குகளின் அமைப்பு அது: முக்கோணப் பட்டையைத் தலை என்றும் மீதியை உடல் என்றும் பிரிப்பார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்த நுண்ணிய கோடுகள் இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தன. இந்தோனேசியப் பத்திக் 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு முழுத் துண்டாகவே திட்டமிட்டு, உடலில் சுற்றும்போது எந்தப் பகுதி எங்கே விழ வேண்டும் என்று எண்ணிச் செய்த துணியை நீளத் துணிபோலக் கருதி வெட்டினால் இரண்டு பகுதிகளுமே பொருளிழந்துவிடும். அதை நான் ஓரம் மட்டும் தைத்து, முழுதாகவே பயன்படுத்துகிறேன்.

ஆப்பிரிக்க மெழுகு அச்சு என்று அறியப்படும் துணிகள் வேறு கதை. ஜாவாவின் பத்திக்கை இயந்திரத்தில் செய்ய முயன்ற ஐரோப்பிய ஆலைகளின் துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில்தான் பெரிய வரவேற்பு கிடைத்தது. 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மோண்ட் நகரில் தொடங்கப்பட்ட விலிஸ்கோ இன்றும் அதைச் செய்துவருகிறது. உண்மையான மெழுகு அச்சில் இரு பக்கமும் பிசின் பூசிச் சாயமிடுவதால் முன்புறமும் பின்புறமும் ஏறத்தாழ ஒரே தெளிவோடு இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட போலிகளில் வெடிப்புக் கோடுகளும்கூட வரைந்து அச்சிட்டவையே. இரு பக்கமும் நன்றாக இருக்கும் துணியில் காலர், கைமடிப்பு, விரிந்த பாவாடையின் உட்புறம் ஆகியவை தெரிந்தாலும் கவலை இல்லை என்பது தைப்பவருக்குப் பெரிய ஆதாயம். குறைந்த துணியில் லைனிங் இல்லாமலே முடித்துவிடலாம்.

நீலத் துணிக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்த எந்தத் துணியையும் மற்றத் துணிகளோடு உடனே வைப்பதில்லை. பட்டோ கம்பளியோ கலந்திருந்தால் அந்துப்பூச்சியின் முட்டைகள் இருக்கக்கூடும். காற்றுப் புகாத பையில் இட்டு, −18 டிகிரி செல்சியசில் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் அவை அழிந்துவிடும். பருத்தியானால் நேரே சலவைக்கு விடலாம், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. திரைச்சீலையின் கீழ்மடிப்பைத் தடவிப் பார்த்தபோது உள்ளே நாணய வடிவில் ஏதோ தட்டுப்பட்டது. துணி நேராகத் தொங்குவதற்காக வைத்துத் தைக்கும் எடைக்கட்டிகள் அவை. பழைய கட்டிகள் பெரும்பாலும் ஈயம் என்பதால், துவைக்கும் முன்பே பிரித்தெடுத்து அப்புறப்படுத்தி, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

மேலே சுருக்கு நாடாவையும் கீழே மடிப்பையும் பிரித்தபோது ஒவ்வொரு திரையிலும் கால் மீட்டருக்குக் குறையாமல் கூடுதல் துணி கிடைத்தது. மகிழ்ச்சி பாதிதான், ஏனெனில் மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த நீலம் வேறு நீலமாக இருந்தது. வெளிப்பகுதியின் நிறம் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு வடிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்படிக் கிடைக்கும் பகுதியை வெளுத்த பகுதிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் வேறு துணியை ஒட்டுப்போட்டதுபோல் தோன்றும். பை, காலரின் உட்பக்கம், இடுப்புப் பட்டை என்று எல்லைக்கோடு இயல்பாகவே விழும் உறுப்புகளுக்கு அதை ஒதுக்கிவிட வேண்டும்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின்மீதும் அழுத்திச் சிறிது நேரம் வைத்து எடுக்கிறேன். கறை ஒட்டினால் தனியாக, நிறையத் தண்ணீரில், குளிர்ந்த நீரில் அலச வேண்டும். ஊறவைத்துவிட்டு மறந்துபோனால் ஓர் இடத்தில் வடிந்த நீலம் இன்னோர் இடத்துக் கடுகு நிறத்தில் குடியேறிவிடும். உப்பும் வினிகரும் சாயத்தைக் கெட்டிப்படுத்தும் என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே அச்சிட்டு முடித்த பருத்தித் துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அவை ஒட்டவைக்காது. அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. பூஞ்சணக் கறைக்கும் மஞ்சள் மடிப்புக் கோட்டுக்கும் குளோரின் வெளுப்பானை நாடவே கூடாது, கறையோடு வடிவமும் போய்விடும். எப்படித் துவைத்தாலும், தைத்தபின் துவைக்கப்போகிற முறையிலேயே இப்போது ஒரு முறை துவைத்துவிட்டால் சுருங்க வேண்டியது வெட்டும் முன்பே சுருங்கிவிடும்.

இனிமேல் வெட்டுவது. இதற்குத்தான் நான் மிக நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறேன், அந்த நேரம் வீண் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. வடிவம் பெரிதாக இருக்கும் துணியில், மீட்டர் கணக்கு மட்டும் பார்த்துப் போதும் என்று சொல்லிவிட முடியாது. எடுத்துக்காட்டாக, 64 செ.மீ. இடைவெளியுள்ள துணியில் ஒவ்வொன்றும் 100 செ.மீ. நீளமான இரண்டு துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டி, அருகருகே இணைக்கும்போது இலைகள் பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது துண்டு 100 செ.மீ.இல் தொடங்க முடியாது; வடிவம் முதலிலிருந்து தொடங்கும் 128ஆவது செ.மீ.இல்தான் தொடங்கலாம். ஆக 200 செ.மீ. அன்று, 228 செ.மீ. தேவை. நடுவே கழியும் 28 செ.மீ. வீணாகாமல் சிறு உறுப்புகளுக்குப் போகும் என்றாலும், கையில் 210 செ.மீ. மட்டுமே இருந்தால் வேறு வகையில் யோசித்தாக வேண்டும். வடிவம் குறுக்காக அடுத்த வரிசைக்குப் போகும்போது பாதி இறங்கி அமைந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். நீலத் துணி அவ்வாறே அமைந்திருந்தது, இடப்பக்க இலைக்கு வலப்பக்கத்தில் 32 செ.மீ. கீழேதான் அதன் இணை இருந்தது.

கணக்கைத் தாளில் போட்டபின், ஆடையின் ஒவ்வோர் உறுப்பையும் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் வரைந்து வெட்டி, துணியின் முகத்தின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறேன். சாதாரணத் தாள் மாதிரி துணியை மறைத்துவிடும். இதில் இலை எங்கே வெட்டுப்படுகிறது, எங்கே முழுதாக நிற்கிறது என்பது தெரியும். முழுவட்டமான எந்த வடிவமும் மார்பின் இரு பக்கமும் சமச்சீராக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகின் நடுவில் பெரிய வடிவம் ஒன்று முழுதாக நிற்பது எப்போதுமே அழகு. இலைகளுக்கு மேல்கீழ் இருப்பதால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும், இதிலும் கொஞ்சம் துணி கூடுதலாகப் போகும். டார்ட் எனப்படும் கூர்மடிப்புத் தையல், கொசுவம், பல துண்டுகளாகப் பிரிந்த மேற்சட்டை ஆகிய எல்லாம் வடிவத்தை நறுக்கும் வேலைகள். பெரிய வடிவத்துக்கு ஏற்றது தையல் குறைந்த, பெட்டிபோல் விழும் உடை. ஆகவே நீலத் துணி, தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை நேராக விழும், முன்பக்கம் திறந்த நீண்ட மேலங்கியாயிற்று.

அச்சு சில சமயம் நூலின் போக்கோடு ஒத்துப்போகாமல் சாய்ந்திருக்கும். ஓர் ஊடு நூலை உருவிப் பார்த்தால் அது எந்த அளவு என்று தெரியும். சாய்வு சிறிதானால் வடிவத்தைப் பின்பற்றி வெட்டுவேன், ஏனெனில் பார்ப்பவர் கண்ணுக்கு நூல் தெரியாது, இலை தெரியும். சாய்வு பெரிதானால் உடை முறுக்கிக்கொண்டு தொங்கும், அத்தகைய துணியைத் தலையணை உறைக்கோ பைக்கோ விட்டுவிடுவதே தக்கது.

இத்தனை செய்தும் ஒரு கைக்குத் துணி குறைந்தது. இரண்டு துண்டுகளை, இலையின் ஓரக்கோடு வழியே பொருத்தி ஒட்டுப்போட்டு அந்தக் கையை உருவாக்கினேன். ஒட்டுப்போடுவதைத் தாழ்வாக நினைக்கும் மனப்பான்மை அண்மைக் காலத்தது என்பது என் எண்ணம். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணப் பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் அந்நாட்டு நெசவாளர்களை அச்சுறுத்தும் அளவுக்கு விரும்பப்பட்டன. பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடை விதித்திருந்தது, இங்கிலாந்தில் 1721இல் இயற்றிய தடைச் சட்டம் 1774இல்தான் நீங்கியது. அருமையான துணியின் ஒரு விரற்கடையையும் வீசியெறியாத காலம் அது. 18ஆம் நூற்றாண்டு உடைகளில் அக்குளிலும் கையிலும் ஓரங்களிலும் சிறு துண்டுகளை வடிவம் பார்த்து இணைத்திருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். ஒட்டு நேர்க்கோட்டில் ஓடாமல் வடிவத்தின் விளிம்பிலேயே ஓடினால் கண்ணுக்குத் தென்படாது. இதற்கு இயந்திரம் வேண்டாம். மேல்துண்டின் ஓரத்தை இலையின் வளைவுக்கேற்ப உள்மடித்து, கீழ்த்துண்டின்மேல் குத்தி நிறுத்தி, நெருக்கமான கைத்தையல் போட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். அந்தக் கை எது என்று இன்றுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை.

அரிய வடிவமுள்ள துணி கிடைத்ததும் அதைப் பல சிறு பைகளாக வெட்டி எல்லோருக்கும் பரிசளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கொடுக்கும் மனத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முழங்கை நீளத்து இலையை உள்ளங்கையளவு பையில் வைத்தால் கிடைப்பது ஒரு மஞ்சள் கறை. சிறு வடிவங்களைச் சிறு பொருளுக்கும் பெரிய வடிவங்களைப் பெரிய பரப்புக்கும் விடுவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பெரிய பரப்புக்கு என்னிடம் தேவை இல்லாவிட்டால் துணியைக் கடையிலேயே விட்டுவருகிறேன்.

தைத்து முடித்தபின் நிற வட்டங்கள் உள்ள கரைத்துண்டை வெட்டி ஒரு குறிப்பேட்டில் ஒட்டி, அகலம், இடைவெளி, இழை, சாயம் போனதா என்ற விவரங்களை எழுதிவைக்கிறேன். அதே வடிவம் வேறு நிறத்தில் எங்கேனும் கண்ணில் பட்டால் ஒப்பிட இது உதவும். வெட்டுப்பட்ட பெயர் வேறொரு துண்டின் கரையில் கிடைக்கவும் கூடும். மீந்த துணியில் அரை மீட்டருக்கு மேல் இருப்பதைத் துவைத்துத் தேய்த்து, நீளம், அகலம், இழை ஆகியவற்றை எழுதிய சீட்டை ஒரு மூலையில் குத்தி, மீண்டும் தொண்டுக் கடைக்கே கொடுத்துவிடுகிறேன். சீட்டு இருந்தால் வகைப்படுத்துகிறவர் அதை விரிப்பு என்று எண்ணிக் கீழ்த்தட்டில் செருகாமல் தையல் பொருள்களோடு வைப்பார், தைப்பவர் கையில் விரைவில் போய்ச் சேரும். அதற்கும் சிறிய துண்டுகளைக் கொடுக்கும் முன், கந்தல் துணியையும் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட வேண்டும். சில கடைகள் அவற்றை மூட்டையாக மறுசுழற்சிக்கு விற்கும், மற்றவற்றுக்கு அது வெறும் சுமை.